விஸ்வநத்தத்து விலைப்பட்டியலை ஒரு ஏஜென்ட் படித்தால்

சிவகாசி, அதை ஒட்டிய விஸ்வநத்தம் என்று இந்த வட்டாரத்துப் பட்டாசுக் கடைகளின் இணையதளங்களில் ஏதாவது ஒன்றைத் திறந்து பாருங்கள். முதலில் கண்ணில் படுவது விலைப்பட்டியல். பொருளின் பெயர், பாக்கெட்டா பாக்ஸா என்ற விவரம், ஒரு விலை, அதற்குப் பக்கத்திலேயே 80 சதவீதம் தள்ளுபடி போக இன்னொரு விலை. முதல் விலைக்கு யாரும் வாங்கப் போவதில்லை என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். கீழே போனால் கூடையில் சேர்க்க ஒரு பொத்தான் இருக்கும். எல்லாம் சேர்த்து முடித்து அனுப்பினாலும் அது ஆர்டர் ஆகாது, என்கொயரிதான். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஃபிளிப்கார்ட், அமேசான் உள்ளிட்ட மின்வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கக் கூடாது என்றது. அதனால் இங்குள்ள தளங்கள் 'உங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்து என்கொயரி அனுப்புங்கள், நாங்கள் போனில் அழைக்கிறோம்' என்று ஒரு அறிவிப்பைப் போட்டு வைத்திருக்கின்றன. கடைக்காரர் போன் செய்வார், எஸ்டிமேட் அனுப்புவார், பிறகுதான் பணம். பெட்டியும் பெரும்பாலும் வீட்டு வாசலுக்கு வராது. லாரி பார்சல் ஆபீசுக்குப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது இதே பக்கத்தை ஒரு ஏஐ ஏஜென்ட் கையாளுவதாக வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒருவர் தன் போனில் 'சிவகாசியிலிருந்து 5000 ரூபாய்க்குப் பட்டாசு வாங்கிக் கொடு' என்கிறார். ஏஜென்ட் கடையின் மென்பொருளைக் கூப்பிடுகிறது. விலை என்ற பெயரில் இரண்டு எண்கள் கிடைக்கின்றன. பட்டியல் விலையை எடுத்துக்கொண்டால் 5000 ரூபாய்க்கு நாலைந்து பாக்ஸோடு நின்றுவிடும். கூடையை நிரப்பி அனுப்புகிறது. 'வெற்றி' என்று பதில் வருகிறது. ஏஜென்ட் திரும்பி வந்து, 'வாங்கியாகிவிட்டது, சில நாட்களில் வீட்டுக்கு வரும்' என்கிறது. இதில் மென்பொருளில் பிழை எதுவும் இல்லை, ஏஜென்ட்டும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கடையின் மென்பொருளை விளக்கும் குறிப்பில் சில வாக்கியங்கள் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். அப்படி விடுபடும் வாக்கியங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஏஜென்ட்கள் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ, ஏஜென்ட்களுக்கு மூளையாக இருக்கும் தன் ஏஐ மாடல்களுக்கு வெளிக் கருவிகளை அழைக்கும் வசதியைத் திறந்துவிட்டது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது வழிமுறையை வெளியிட்டது, சுருக்கமாக எம்சிபி. இரண்டிலும் அடிப்படை ஒன்றே. கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்று சில வரிகள், அதற்குத் தர வேண்டிய விவரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம். மாடலுக்குக் காட்டப்படுவது இந்த எழுத்து மட்டும்தான். உள்ளே ஓடும் நிரலை அது பார்ப்பதில்லை, கடையைப் பார்ப்பதில்லை, கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பதில்லை. எந்தக் கருவியை எப்போது எப்படி அழைப்பது என்று அது முடிவு செய்வது அந்தச் சில வரிகளை வைத்துத்தான். எனவே மனிதருக்கு எழுதும்போது ஓரத்தில் கிடந்த விளக்கக் குறிப்பு, ஏஜென்ட்டுக்குக் கருவியின் பாகமாகவே ஆகிவிடுகிறது. அதில் இல்லாதது ஏஜென்ட்டின் உலகத்தில் இல்லை.

இந்த ஊர்த் தொழில்கள் எழுத்தை நம்பி வளர்ந்தவை அல்ல. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், தீப்பெட்டி செய்கிறவர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகும் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வேலை கைமாறியது. மென்பொருளும் இங்கே அப்படித்தான் நுழைந்தது. பில் போடும் மென்பொருளோடு வருவது பெரும்பாலும் ஒரு போன் எண். புத்தகம் ஏதாவது இருந்தாலும் அதை யாரும் பிரிப்பதில்லை. சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வார்கள். மனிதர்கள் மட்டும் பயன்படுத்திய காலத்தில் இது ஒரு குறையே அல்ல, சிக்கனமான ஏற்பாடு. ஏன் என்றால், கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்த பையனிடம் 'பத்து பண்டல் பில் போடு' என்றால், பண்டல் என்றால் எவ்வளவு என்று தெரியாதபோது அவன் நின்று விழிப்பான். அந்த விழிப்புதான் பாதுகாப்பு. பக்கத்திலிருப்பவர் சொல்லித் தருவார். மாடல் பெரும்பாலும் விழிப்பதில்லை. தெரியாத இடத்தில், உலகம் முழுவதும் அதிகமாகப் புழங்கும் அர்த்தத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலையை முடித்துவிடும். ஊரின் அர்த்தமும் உலகத்தின் அர்த்தமும் வேறுபடும் இடங்களில் எல்லாம் பில் தப்பாகப் போகும்.

பண்டல் என்று சும்மா சொல்லவில்லை. ஜிஎஸ்டியின் இ-இன்வாய்ஸில் ஒவ்வொரு பொருளுக்கும் அளவையைக் குறிக்க, அரசு வெளியிட்ட மூன்றெழுத்துக் குறியீட்டுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பாக்ஸ், பண்டல், கார்ட்டன், டஜன், குரோஸ், கிரேட் குரோஸ் எல்லாம் அதில் உண்டு. குரோஸ் என்றால் எங்கே போனாலும் 144. கிரேட் குரோஸ் 1728. பண்டலுக்கு அப்படி ஒரு எண் பட்டியலில் கிடையாது. ஆனால் தீப்பெட்டித் தொழிலில் அதற்கு எண் உண்டு: 600 பெட்டி. 2021 டிசம்பர் 1 முதல் ஒரு தீப்பெட்டி 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனபோது, உற்பத்தியாளர்கள் செலவுக் கணக்கைப் பேசியதும் 600 பெட்டி கொண்ட பண்டலை வைத்துத்தான். சிவகாசியிலும் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 'அளவை: பண்டல், எண்ணிக்கை: 10' என்று மட்டும் எழுதியிருக்கும் ஒரு கருவியிடம், 'ஆறாயிரம் பெட்டிக்கு பில் போடு' என்ற கட்டளையோடு வரும் ஏஜென்ட் என்ன செய்யும்? எண்ணிக்கை என்ற இடத்தில் 6000 என்றும் அளவை என்ற இடத்தில் பண்டல் என்றும் நிரப்பினால், 36 லட்சம் தீப்பெட்டிக்கு பில் தயார். பட்டாசிலும் இதே வம்பு. '30 ஷாட்' என்பதில் 30 வெடிப்பின் எண்ணிக்கை. '30 செ.மீ. கம்பி மத்தாப்பு' என்பதில் 30 நீளம். '4 இஞ்ச் லட்சுமி வெடி'யில் 4 அளவு. பெயருக்குள் இருக்கும் எந்த எண்ணும் வாங்கும் எண்ணிக்கை அல்ல என்று ஒருவர் எழுதி வைக்காவிட்டால், மாடல் ஒவ்வொரு முறையும் ஊகித்துக்கொண்டே இருக்கும். பல முறை சரியாக ஊகிக்கும். தப்பாக ஊகிக்கும் அந்த ஒரு முறை ஐப்பசி நெருக்கடியில், யாரும் சரிபார்க்க நேரமில்லாத நாளில் வந்து சேரும்.

அதே இ-இன்வாய்ஸ் ஏற்பாட்டில் நல்ல விளக்கத்துக்கும் உதாரணம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. தேசிய தகவலியல் மையம் வெளியிட்டிருக்கும் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) ஆவணங்களில் ஒவ்வொரு புலத்துக்கும் எத்தனை எழுத்து, கட்டாயமா இல்லையா, எந்த வடிவம் என்பது தெளிவாக இருக்கிறது. பில் எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. தேதி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில், சாய்கோடு போட்டு. இந்தத் தேதி வரி சின்ன விஷயமாகத் தோன்றும். ஜூலை 6 அன்று போட்ட பில்லை அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்து 07/06/2025 என்று ஏஜென்ட் அனுப்பினால், வடிவத்தில் பிழையே இருக்காது. ஆனால் அரசுக் கணக்கில் அது ஜூன் 7 ஆகிவிடும், வேறு மாதத்தின் ரிட்டர்னில் போய் உட்காரும். ஒரு வரி விளக்கம் இதைத் தடுக்கிறது. ஆனால் அதே ஏற்பாட்டில் வேறு வகைத் தகவல்களும் உண்டு, அவை புலத்தின் வடிவத்தைப் பற்றியவை அல்ல, செய்கையின் விளைவைப் பற்றியவை. ஒருமுறை பில்லுக்கு ஐஆர்என் என்ற 64 எழுத்துப் பதிவெண் உருவாகிவிட்டால் இ-இன்வாய்ஸ் அமைப்பில் பில்லைத் திருத்த முடியாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். ரத்து செய்த பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. 24 மணி நேரம் தாண்டிவிட்டால் அந்த அமைப்பில் ரத்தும் செய்ய முடியாது. சரக்கு கொண்டுசெல்ல எடுக்கும் இ-வே பில்லில் தூரம் என்ற இடத்தில் 0 என்று கொடுத்தால் தூரமே இல்லை என்று அர்த்தமல்ல. இரண்டு பின்கோடுகளை வைத்து அமைப்பே கணக்கிட்டுக்கொள்ளும். இவற்றைக் கணக்குப்பிள்ளைகள் அறிவார்கள், ஆடிட்டர்கள் அறிவார்கள். இந்த ஊரில் எழுதப்படும் பில்லிங் மென்பொருள், அரசின் ஏபிஐயைத் தனக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு 'பில் உருவாக்கு' என்று ஒற்றைக் கருவியாக ஏஜென்ட்டுக்குக் காட்டும்போது, இந்த விளைவுகள் எல்லாம் அந்தச் சுருட்டலில் காணாமல் போகின்றன. 'பில் உருவாக்கு' என்று மட்டும் படித்த ஏஜென்ட், தப்பானால் திருத்திக்கொள்ளலாம் என்று முயன்று பார்க்கும்.

சரி, எப்படி எழுதுவது? என்கொயரி அனுப்பும் கருவிக்கு நான் இப்படி எழுதுவேன்: "இது பட்டாசுக்கான என்கொயரியைக் கடைக்கு அனுப்பும். விற்பனை அல்ல, பணம் எடுக்காது, சரக்கை ஒதுக்கி வைக்காது. வெற்றி என்ற பதிலுக்கு என்கொயரி பதிவானது என்று மட்டுமே பொருள். கடையிலிருந்து போனில் பேசி எஸ்டிமேட் அனுப்பிய பிறகே விலை உறுதியாகும். வாங்கியாகிவிட்டது என்று பயனரிடம் சொல்லாதே. கூட்டலுக்கு 'விற்பனை விலை' என்ற புலத்தை எடு. அது தள்ளுபடி போக ஒரு பாக்ஸின் விலை, ரூபாயில். 'பட்டியல் விலை'யைக் கூட்டாதே. எண்ணிக்கை என்பது பாக்ஸ் கணக்கு, உள்ளே இருக்கும் பீஸ் கணக்கு அல்ல. லாரி வாடகை இதில் சேராது. இருமுறை அனுப்பினால் இரண்டு என்கொயரியாகப் பதிவாகும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பாமல், நிலையைப் பார்க்கும் கருவியை முதலில் அழை." இதில் தொழில்நுட்ப ரகசியம் ஒன்றும் இல்லை. கடையில் போன் எடுக்கும் அண்ணாச்சி தினமும் சொல்லும் பதில்கள்தான். கவனிக்க வேண்டியது ஒன்று: கருவி என்ன செய்யும் என்பதைவிட என்ன செய்யாது என்பதற்கு அதிக வரிகள் போயிருக்கின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். செய்வதைப் பெயரே பாதி சொல்லிவிடும். செய்யாததைப் பெயர் சொல்லாது. எம்சிபியின் 2025 மார்ச் பதிப்பில் ஒரு கருவி படிப்பதோடு நிற்குமா, எதையாவது அழிக்குமா, மறுபடி அழைத்தாலும் விளைவு மாறாதா என்று குறிக்கத் தனிக் குறிப்புகளே சேர்த்திருக்கிறார்கள். அதே தேவையைத்தான் அவையும் காட்டுகின்றன.

இதற்கு முதலில் வரும் மறுப்பு: 'மாடல்கள் வருடத்துக்கு வருடம் புத்திசாலி ஆகின்றன, இதையெல்லாம் அவையே புரிந்துகொள்ளும்.' பாதி உண்மை. ஆனால் கிடைத்திருக்கும் சான்றுகள் வேறு பக்கமும் பேசுகின்றன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட் ஆய்வில், ஒரே ஜிபிடி-4 டர்போ மாடலுக்கு நிரல் பிழைகளைத் திருத்தும் 300 பணிகளைக் கொடுத்தார்கள். வழக்கமான லினக்ஸ் கட்டளைகளை மட்டும் கொடுத்தபோது 11 சதவீதம் தீர்த்தது. ஏஜென்ட்டுக்கென்றே வடிவமைத்து விளக்கம் எழுதிய கருவிகளைக் கொடுத்தபோது 18 சதவீதம். மாடல் மாறவில்லை, கருவிதான் மாறியது. அதே ஆண்டு டிசம்பரில் ஆந்த்ரோபிக் எழுதிய கட்டுரை ஒன்றில், தங்கள் ஏஜென்ட் கோப்பு முகவரிகளில் தடுமாறியதையும், எப்போதும் முழு முகவரியே தர வேண்டும் என்று கருவியை மாற்றியதும் அந்தத் தடுமாற்றம் நின்றதையும் பதிவு செய்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமான பதில் இன்னொன்று. எவ்வளவு புத்தி இருந்தாலும் எழுதப்படாத ஒன்றை அறிய முடியாது. ஒரு குறிப்பிட்ட கடையில் பூச்சட்டி ஒரு பாக்ஸில் எத்தனை, எவ்வளவு தொகைக்குக் கீழே பார்சல் அனுப்ப மாட்டார்கள் என்பதெல்லாம் இணையத்தில் எங்கும் இல்லை. எந்தப் பயிற்சியிலும் அது மாடலுக்குள் போயிருக்காது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது: 'எல்லாவற்றையும் எழுதினால் விளக்கம் நீண்டு, மாடல் அதிலேயே தொலைந்துபோகும், செலவும் ஏறும்.' சரிதான். அதே பிரின்ஸ்டன் கருவிகள் கோப்பை ஒரு நேரத்தில் 100 வரி மட்டுமே காட்டின. தேடலில் 50 முடிவுகளுக்கு மேல் வந்தால் கொட்டாமல், தேடலைச் சுருக்கச் சொன்னன. அதிகம் காட்டுவது உதவி அல்ல என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். தமிழில் எழுதினால் பல மாடல்களில் டோக்கன் (மாடல் எழுத்தை உடைத்து எண்ணும் துண்டு) செலவு ஆங்கிலத்தைவிடக் கூடும் என்பதும் உண்மை. இதற்கு வழி, வார்த்தையால் சொல்வதைக் கருவியின் அமைப்பாலேயே சொல்லிவிடுவது. அளவையைச் சுதந்திரமாக எழுத விடாமல், '600 பெட்டி பண்டல்', 'ஒற்றைப் பெட்டி' என்று இரண்டே தேர்வுகள் கொடுத்தால் ஒரு பத்தி விளக்கம் தேவையில்லை. 'விலை' என்ற ஒற்றைப் பெயரை நீக்கி 'பட்டியல் விலை', 'விற்பனை விலை' என்று பெயரிட்டால் இன்னும் இரண்டு வரி மிச்சம். பிழைச் செய்தியும் விளக்கம்தான். தேவைப்படும் நேரத்தில் மட்டும் வரும் விளக்கம். இ-இன்வாய்ஸில் ஒரே பில்லை இரண்டாம் முறை அனுப்பினால் 2150 என்ற எண்ணோடு, ஏற்கெனவே பதிவானது என்ற பிழை வரும். கூடவே பழைய ஐஆர்என்னும் திரும்பி வரும். அதைப் படிக்கும் ஏஜென்ட் நின்றுகொள்ளலாம். நம் மென்பொருள்கள் பல, இதை வாங்கி விழுங்கிவிட்டு 'பிழை, மீண்டும் முயலவும்' என்று சொல்கின்றன. அந்தச் செய்தி ஏஜென்ட்டுக்குக் கட்டளையாகவே படும். அது முயன்றுகொண்டே இருக்கும்.

மூன்றாவதாக, 'கடைசியில் ஒரு மனிதர் பார்த்து ஓகே சொல்லட்டும், போதும்' என்பார்கள். திருத்த முடியாத செயல்களுக்கு மனிதரின் ஒப்புதல் கட்டாயம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது விளக்கத்துக்கு மாற்று ஆகாது. '10 பண்டல், சரியா?' என்று திரையில் வந்தால் ஊர்க்காரர் 6000 பெட்டியை மனதில் நினைத்துச் சரி என்பார். ஏஜென்ட் மனதில் வேறு எண் இருக்கலாம். இருவரும் ஒரே சொல்லைப் பார்த்து ஒப்புக்கொண்டு, இருவேறு சரக்கை அனுப்பச் சொல்லியிருப்பார்கள். ஒப்புதல் கேட்கும் வரியும் நன்றாக எழுதப்பட்டிருந்தால்தான் ஒப்புதலுக்கு அர்த்தம்: '10 பண்டல், அதாவது 6000 தீப்பெட்டி, ஐஆர்என் உருவான பிறகு திருத்த முடியாது' என்று.

விளக்கத்தில் எதை எழுதக் கூடாது என்பதும் இருக்கிறது. மாறக்கூடியதை எழுதக் கூடாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பட்டாசுக்கு 28 சதவீதம். அதே நவம்பரில் 18. கையால் செய்த தீப்பெட்டிக்கு 5, மற்றதற்கு 18 என்று இருந்தது, 2020 ஏப்ரலில் இரண்டும் 12 ஆயின. விளக்க வரிக்குள் விகிதத்தை எழுதி வைத்த மென்பொருள், விகிதம் மாறிய நாள் காலையிலிருந்து பொய் சொல்லத் தொடங்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். எந்த ஊருக்கு அனுப்பலாம் என்பதும் அப்படித்தான். 2018 தீர்ப்பு சரவெடியைத் தடை செய்தது, பசுமைப் பட்டாசை அனுமதித்தது. டெல்லியில் 2024 டிசம்பரில் ஆண்டு முழுவதற்கும் தடை வந்தது, 2025 தீபாவளிக்குச் சில நாட்கள் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் நீதிமன்றம் தளர்த்தியது. இவற்றைத் தேதியோடு பதில் சொல்லும் தனிக் கருவியில் வைக்க வேண்டும். விளக்கத்தில் 'அனுப்பும் மாநிலத்தின் விதியை அந்தக் கருவியிடம் கேட்காமல் என்கொயரி அனுப்பாதே' என்ற ஒரு வரி மட்டும் போதும். பொருளின் பல பெயர்களையும் தரவிலேயே வைக்கலாம்: பட்டியலில் ஃபிளவர் பாட் என்று இருப்பதை ஓரிடத்தில் பூச்சட்டி என்றும், வேறு இடத்தில் புஸ்வாணம் என்றும் கேட்பார்கள்.

கடைசியாக, 'சிறிய கடை, சிறிய மென்பொருள் கம்பெனி, இதற்கெல்லாம் ஆள் ஏது' என்ற கேள்வி. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சீசனில் இங்கே யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆனால் இந்த வேலைக்கு நிரல் எழுதத் தெரிந்தவர் தேவையில்லை. கடையில் போன் எடுக்கிறவர், பில்லிங் கம்பெனியில் சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறவர், இந்த இருவரும் உட்கார்ந்து, வாடிக்கையாளர் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்குத் தாங்கள் சொல்லும் பதிலை அப்படியே எழுதினால் முக்கால் பங்கு முடிந்தது. பிறகு அதை இந்தத் தொழிலைப் பற்றி எதுவும் தெரியாத வெளியூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து, யாரையும் கேட்காமல் ஒரு என்கொயரி போடச் சொல்ல வேண்டும். அவர் எங்கே தடுக்கி நிற்கிறாரோ அங்கே ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு, புதிய விலைப்பட்டியலோடு சீசன் தொடங்குகிறது. பட்டியலை அச்சுக்கு அனுப்பும் முன் அதில் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க ஆள் இருக்கிறார்கள். கருவியின் விளக்க வரிகளையும் அதே நாளில், அதே ஆட்களே படித்துப் பார்த்துவிடலாம்.